வேகாஸில் டிரிங்க் இலவசம், டிப்ஸ் இலவசமில்லை

லாஸ் வேகாஸ் கேசினோக்களில் சூதாடிக்கொண்டிருப்பவர்களுக்கு டிரிங்க் இலவசம். அதற்காக, கொண்டுவந்து தருபவரை வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள். கிளாஸுக்கு 1 அல்லது 2 டாலர் வைப்பது அங்கே வழக்கம். நாலைந்து சரக்கைக் கலந்து குலுக்கித் தரும் காக்டெயில் என்றால் 2 டாலருக்குக் குறையாமல் கொடுங்கள்.

பார் மேடையிலேயே பதித்திருக்கும் வீடியோ போக்கர் (திரையில் ஆடும் சீட்டாட்டம்) மெஷினில் உட்கார்ந்தால் கணக்கு கொஞ்சம் வேறு. பல இடங்களில் மெஷினின் பின்பக்கம் ஒரு சின்ன விளக்கு இருக்கும். நீங்கள் போதுமான அளவு ஆடிவிட்டீர்களா என்று அது பார்டெண்டருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். நோட்டை உள்ளே தள்ளிவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தால் டிரிங்க் வராது (எனக்கு வரவில்லை!). முதல் டிரிங்குக்கே 5 டாலர் வைத்துவிடுவது என் பழக்கம். கூட்டம் நெருக்கும்போதும் நம் பக்கம் ஒரு பார்வை இருக்கும்.

அப்புறம், சில்லறை. மெஷினில் மிச்சப் பணத்தை எடுத்தால் கையில் வருவது ரொக்கமல்ல, தொகை அச்சிட்ட ஒரு ரசீதுதான். அதனால் ஒற்றை டாலர் நோட்டுகளை முன்கூட்டியே மாற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் ஆடுகிறீர்களா? கையிலிருக்கும் சிப்பையே (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை) டிப்ஸாகக் கொடுக்கலாம், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.