சபைத் தலைவர் அதிகாரத்தை மீறும்போது: கோலாலம்பூர் மோர்மன் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

மோர்மன் சபை என்று வெளியார் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் உள்ளூர்க் கிளைகளில் சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் அமர்ந்து கூட்டத்தை நடத்தும் ஆயரும் கிளைத் தலைவரும் திங்கட்கிழமை காலையில் நம்மைப் போலவே வேலைக்குப் போகிறவர்கள். இறையியல் கல்லூரியில் படித்தவர்களும் அல்லர். இந்த ஏற்பாட்டில் ஓர் அழகு உண்டு. ஆனால் நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தவருக்கு, நமது திருமணம், வருமானம், அந்தரங்கப் பாவம் ஆகிய அனைத்தையும் விசாரிக்கும் உரிமை ஒரே நாளில் வந்துவிடுகிறது என்பதையும் மறுக்க முடியாது. கோலாலம்பூரில் நமது தமிழ் உறுப்பினர் கூட்டம் சிறியது என்பதால், அந்தத் தலைவரே மாமன் முறையாகவோ நமக்கு வேலை வாங்கித் தந்தவராகவோ இருக்கவும் கூடும். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட நாம், அவர் வரம்பு மீறும்போதும் வாயை மூடிக்கொள்கிறோம். விசுவாசத்தை விடாமல், அதேவேளை ஒரு மனிதரின் அதிகாரத்துக்கு அடிமையாகாமல் இருக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சபையின் சொந்த வேதத்தைக் கையில் எடுங்கள். கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலின் 121ஆம் பாகம், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1839இல் மிசௌரி மாநிலத்து லிபர்ட்டி சிறையிலிருந்து எழுதியவற்றிலிருந்து எடுக்கப்பட்டது. சிறிதளவு அதிகாரம் கிடைத்துவிட்டதாக நினைத்த உடனேயே அதை அநீதியாகச் செலுத்தத் தொடங்குவது ஏறக்குறைய எல்லா மனிதரின் சுபாவம் என்று அதன் 39ஆம் வசனம் சொல்கிறது. இணங்கவைத்தல், நீடிய பொறுமை, சாந்தம், தாழ்மை, மாயமற்ற அன்பு ஆகியவற்றால் அன்றி, ஆசாரியத்துவத்தின் பெயரால் மட்டும் எந்த அதிகாரமும் செலுத்தப்படக் கூடாது என்கிறது 41ஆம் வசனம். மக்கள் தங்கள் தலைவர்களை அளவுக்கு மீறி நம்பி, தாங்களே தேவனிடம் விசாரிக்காமல் போய்விடுவார்களோ என்று தமக்கு அச்சமாக இருப்பதாக அவருக்குப் பின் சபையை வழிநடத்திய பிரிகாம் யங்கும் 1862இல் பேசியிருக்கிறார். ஆகவே, கேள்வி கேட்பவர் விசுவாசத்தில் குறைந்தவர் என்று யாராவது சொன்னால் மனம் கலங்க வேண்டியதில்லை.

அடுத்த வேலை, சபையின் விதியையும் தலைவரின் சொந்தக் கருத்தையும் தனித்தனியாகப் பிரிப்பது. இதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். தே தாரிக் குடிக்கிறீர்களா என்ற நோக்கத்தில், ஆலயத்துக்குள் நுழைய அனுமதி தரும் ஆலயப் பரிந்துரை நேர்காணலில் கேள்வி வந்தால் அது அடக்குமுறை ஆகாது; தேநீரையும் காப்பியையும் விலக்குவது ஞான வார்த்தை என்னும் சபைக் கட்டளை, அதை ஏற்றுத்தான் ஞானஸ்நானம் பெற்றோம். ஆனால் தீபாவளிக்கு அம்மா வீட்டில் போய்ச் சாப்பிடக் கூடாது என்று ஒரு தலைவர் சொன்னால், அது அவருடைய கருத்து மட்டுமே. அப்படி ஒரு விதி சபையில் இல்லை. ஒரு காலத்தில் தலைவர்கள் மட்டுமே வைத்திருந்த பொதுக் கையேடு 2020 முதல் இணையத்தில் எவரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது. ஆலய நேர்காணலின் கேள்விகள் எழுதி வைக்கப்பட்டவை என்பதும், நேர்காணல் நடத்துபவர் அவற்றில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

தசமபாகத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு 11 விழுக்காடு கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) பிடித்தம் 330 ரிங்கிட். முழுச் சம்பளத்தில் பத்தில் ஒன்று என்றால் 300 ரிங்கிட். பிடித்தம் போக மீதியில் என்றால் 267 ரிங்கிட். எது சரி என்று தலைவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. தசமபாகம் என்பது வருமானத்தில் பத்தில் ஒன்று என்பதைத் தவிர வேறு விளக்கம் சொல்ல யாருக்கும் நியாயமில்லை என்று சபையின் உச்ச நிர்வாகக் குழுவான பிரதான தலைமை 1970இல் எழுதிய கடிதமே இன்றும் சபையின் நிலைப்பாடு. ஆண்டுதோறும் நடக்கும் தசமபாக அறிக்கைச் சந்திப்பில் முழுமையாகச் செலுத்தினேனா இல்லையா என்று அறிவிப்பவர் உறுப்பினர்தான். சம்பளச் சீட்டைக் காட்டு என்று கேட்டால், பணிவாக மறுத்துவிடலாம்.

பணிவாக மறுப்பது எப்படி என்பதுதான் நம்மவர்களுக்குக் கடினமான பகுதி. குரலை உயர்த்தினால் பேச்சு விஷயத்தை விட்டு நமது மரியாதைக் குறைவுக்குத் தாவிவிடும். எனவே வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். “பிரதர், நீங்கள் சொல்வது கையேட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று காட்டினால், நானும் வீட்டில் படித்துப் பார்க்கிறேன்.” இதில் குற்றச்சாட்டும் இல்லை, கீழ்ப்படிவதாக வாக்குறுதியும் இல்லை. “கையேட்டை விடுங்கள், ஆவியானவர் எனக்கு உணர்த்தினார்” என்று பதில் வந்தால், “நானும் ஜெபித்து அடுத்த வாரம் பதில் சொல்கிறேன், பிரதர்” என்று முடித்துக்கொள்ளுங்கள். ஒரு பொறுப்புக்கான அழைப்பை ஏற்க மறுப்பதற்கும் இந்த வாக்கியமே போதும். இரவுப்பணி பார்க்கும் ஒரு தாதியை ஞாயிறு பள்ளிக்கும் பொறுப்பாக்கினால், முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

தனி அறையில் நடக்கும் நேர்காணலுக்குக் கூடுதல் கவனம் தேவை. பிள்ளையுடனோ இளையோருடனோ பேசும்போது பெற்றோரில் ஒருவரையோ வேறொரு பெரியவரையோ அந்தப் பிள்ளை விரும்பினால் உள்ளே அழைத்துக்கொள்ளலாம் என்று 2018 மார்ச்சில் சபை தன் வழிமுறையை மாற்றியது. இளையோரிடம் பாலியல் தொடர்பான கேள்விகளைக் கேட்பதை எதிர்த்து இயக்கம் நடத்திய சாம் யங் என்ற முன்னாள் ஆயர், அதே ஆண்டு செப்டம்பரில் சபையிலிருந்து நீக்கப்பட்டார். கேள்வி எழுப்பியவருக்கு இப்படி ஒரு முடிவு நேர்ந்தது எனக்கு இன்றுவரை வருத்தமளிக்கிறது. பெண்களும் துணைக்கு ஆள் கேட்கலாம். சபையின் பெண்கள் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தின் தலைவியையோ நம்பிக்கைக்குரிய சகோதரியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆயர் முதல் பிரதான தலைமை வரை விசாரிப்பவர் எல்லாரும் ஆண்களே என்ற சபையில், ஒரு பெண்ணின் குறையை அவளுடைய கணவர் வழியாகவே கேட்டுப் பழகிய தலைவர்களும் இருக்கிறார்கள். அவள் நேரில் சொல்லும்படி வற்புறுத்துவது நமது கடமை.

விஷயம் குற்றம் சார்ந்ததாக இருந்தால், மேற்சொன்ன எந்தப் பொறுமையும் வேண்டாம். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017, அதாவது சட்டம் 792, அத்தகைய குற்றத்தை அறிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதையே குற்றமாக்குகிறது. “சபைக்குள் பார்த்துக்கொள்வோம்” என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள். தாலியான் காசே என்னும் அரசு உதவித் தொலைபேசியை 15999 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மற்றக் குறைகளை எழுத்தில் வையுங்கள். தேதி, இடம், சொல்லப்பட்ட சொல், உடன் இருந்தவர் ஆகிய நான்கும் ஒரு குறிப்பேட்டில் இருந்தால் போதும். உங்கள் விளக்கத்தை அதில் கலக்க வேண்டாம். அதன்பின் தலைவரிடமே நேரில் பேசுங்கள். பலன் இல்லாவிட்டால் உள்ளூர்க் கிளைகளுக்கு மேலே உள்ள பிணையத் தலைவருக்கோ மாவட்டத் தலைவருக்கோ கடிதம் எழுதுங்கள். குழு வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள். அன்று இரவே அது குடும்பச் சண்டையாகிவிடும். சால்ட் லேக் சிட்டியில் உள்ள சபைத் தலைமையகத்துக்கு நேரடியாக எழுதினாலும் பெரும்பாலும் அந்தக் கடிதம் உள்ளூர்த் தலைவரிடமே திருப்பி அனுப்பப்படும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். யாரைப் பற்றி முறையிட்டோமோ அவர் கைக்கே முறையீடு போய்ச் சேரக்கூடிய இந்த வழிமுறை, என் கருத்தில், இச்சபையின் பெரிய குறைகளுள் ஒன்று. புதிய பொறுப்பாளரைக் கூட்டத்தில் அறிவிக்கும்போது எதிர்ப்பவர் உண்டா என்று கேட்கப்படுவதும் வெறும் சடங்கு அல்ல. உண்மையான காரணம் இருந்தால் கை உயர்த்தலாம், பிறகு அந்தக் காரணத்தைத் தனியே சொல்லும்படி அழைப்பார்கள்.

மன்னிப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். சபை மன்னிப்புக் கேட்பதை நாடுவதுமில்லை, தருவதுமில்லை என்ற பொருளில் 2015 ஜனவரியில், அப்போது பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவராக இருந்த டாலின் ஓக்ஸ் சொன்னார். உச்சியில் இப்படிச் சொல்லப்பட்டால், கிளைத் தலைவர் தாழ்மையை எங்கிருந்து கற்பார்? 2013 அக்டோபர் பொது மாநாட்டில், அப்போது பிரதான தலைமையில் இருந்த டீட்டர் உக்ட்டார்ஃப், உறுப்பினர்களும் தலைவர்களும் தவறு செய்த காலங்கள் உண்டு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உள்ளூர்த் தலைவரிடம் பேசும்போது அந்த உரையை எடுத்துச் சொல்லுங்கள். தவறை ஏற்பது பதவிக்கு இழுக்கு அல்ல என்று அவருக்கும் ஒரு முன்மாதிரி கிடைக்கும். உங்கள் தேவை மன்னிப்புச் சொல்லா, நடத்தை மாற்றமா என்பதை முன்பே தீர்மானித்து, மாற்றத்தையே கேளுங்கள். “இனி என் மகளைத் தனியாக அழைக்க வேண்டாம்” என்பது அவர் இன்றே செய்யக்கூடிய ஒன்று. ஆயரின் பொறுப்புக் காலம் பொதுவாக ஐந்தாண்டு அளவே என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உங்கள் மீதே ஒழுங்கு விசாரணை நடத்தும் உறுப்பினர் ஆலோசனைக் குழு கூட்டப்பட்டால், காரணத்தை முன்கூட்டியே கேட்டு அறிந்து, உங்கள் தரப்பை எழுத்தில் எடுத்துச் செல்லுங்கள். ஆயரின் குழு எடுத்த முடிவை 30 நாள்களுக்குள் பிணையத் தலைவரிடமும், பிணையத்தின் முடிவைப் பிரதான தலைமையிடமும் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கடிதத்தின் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறுவது என்று முடிவெடுத்தால், உறுப்பினர் பதிவை நீக்கும்படி கையொப்பமிட்ட கடிதம் கொடுக்க வேண்டும். பின்னாளில் திரும்பி வர நினைத்தால் மறுபடியும் நேர்காணலும் ஞானஸ்நானமும் தேவைப்படும் என்பதால், வீட்டில் இருப்பவர்களிடம் பேசிவிட்டு அந்தக் கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.