அடக்கி ஓட்டுங்கள்: முதல் நெடுந்தூர டிரையத்லானுக்கு ஒரு செய்முறை

நீந்தி, சைக்கிள் ஓட்டி, பிறகு ஓடி முடிக்க வேண்டிய என் முதல் நெடுந்தூர டிரையத்லானில், சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கிய இரண்டாவது கிலோமீட்டரிலேயே நடக்க வேண்டியதாயிற்று. கால் வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. வயிறுதான் கல்லாகக் கனத்தது. தண்ணீரை வாயில் வைத்தாலே குமட்டியது. சைக்கிளின் முதல் ஒரு மணி நேரம் என்னை முந்தியவர்களையெல்லாம் துரத்திக்கொண்டிருந்தேன். சாப்பிட வேண்டும் என்ற நினைவே வரவில்லை. நினைவு வந்ததும் பதறிப்போய் மூன்று ஜெல்லை (சர்க்கரைக் கூழ் பொட்டலங்களை) அடுத்தடுத்து விழுங்கினேன். மீதி 19 கிலோமீட்டரும் நடையும் ஓட்டமுமாகவே போயின.

ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்திருந்தேன். சேர்த்து வைத்த பலத்தை எப்படிச் செலவழிப்பது என்பதைத்தான் ஒரு நாளும் பழகவில்லை. முதல்முறை இறங்குகிறவர்களுக்காக நான் எழுதும் இந்தச் செய்முறையில் அடக்கமும் சாப்பாடும் திரும்பத் திரும்ப வரும்.

படி 1: தூரத்தை முடிவு செய்யுங்கள்

அயர்ன்மேன் எனப்படும் முழுத் தொலைவு 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். மூன்றையும் இடைவேளை இல்லாமல் ஒரே நாளில் முடிக்க வேண்டும். அரைத் தொலைவு என்றால் 1.9, 90, 21.1 கி.மீ.

இந்த விநோதமான அளவுகளுக்கு ஒரு கதை உண்டு. ஹவாயின் ஓவாஹு தீவில் ஒரு கடல் நீச்சல் போட்டி, தீவைச் சுற்றிவரும் ஒரு சைக்கிள் பயணம், ஹொனலுலு மாரத்தான் ஆகிய மூன்றும் முன்பே தனித்தனியாக நடந்துகொண்டிருந்தன. எந்த விளையாட்டுக்காரருக்கு உடல் உறுதி அதிகம் என்ற வாதத்துக்கு முடிவு காண, கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் அவற்றை ஒன்றாகக் கோத்தார். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு ஆன நேரம் 11 மணி 46 நிமிடம். அன்று ஓடியவர்களுக்கு இது தொழில் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

முழுத் தொலைவுக்குப் பொதுவாக 17 மணி நேரம் தருவார்கள். நீச்சலை 2 மணி 20 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். அரைத் தொலைவுக்குப் பெரும்பாலும் எட்டரை மணி நேரம், நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம். போட்டிக்குப் போட்டி இது மாறும் என்பதால், பணம் கட்டும் முன் போட்டியாளர் கையேட்டில் நேர வரம்பைப் பார்த்துவிடுங்கள். நேரத்துக்குள் வராதவரைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

என் கருத்து: முதலில் அரைத் தொலைவு. முழுத் தொலைவுக்கு வாரம் 12 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கேட்கும். அது உங்களுடைய நேரம் மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களின் நேரமும்தான். அவர்களுடன் பேசிவிட்டுப் பதிவு செய்யுங்கள். ‘இந்த வயதில் எதற்கு’ என்று யாராவது கேட்டால், மடோனா பியூடர் என்ற கன்னியாஸ்திரி 2012-இல் தன் 82-ஆம் வயதில் முழு அயர்ன்மேனை முடித்தார் என்று சொல்லுங்கள். ஆனால் மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொள்வதை எந்த வயதிலும் தவிர்க்காதீர்கள்.

படி 2: தண்ணீரோடு பழகுங்கள்

தொடக்கக்காரர்கள் அதிகம் பயப்படுவது நீச்சலுக்கு. அந்தப் பயத்தின் வேர் பெரும்பாலும் மூச்சில் இருக்கிறது. காற்று போதவில்லை என்று தோன்றும். உண்மையில் உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாமல் அடக்கி வைத்திருப்போம். கரியமில வாயு சேரச் சேர மார்பு இறுகும், பதற்றம் ஏறும். இப்படிச் செய்து பாருங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை அமிழ்த்தி, மூக்கு வழியாகக் குமிழிகளை மெதுவாக, நிறுத்தாமல் விடுங்கள். முழுக்க விட்டபின் தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் காற்று தானாக உள்ளே வரும். இதை 20 முறை செய்தபின் நீந்தத் தொடங்குங்கள். முதல் மாதத்தில் தூரத்தைக் கணக்கிட வேண்டாம். உடல் நீர்மட்டத்துக்கு இணையாகக் கிடக்கிறதா, இடுப்பும் காலும் மூழ்குகின்றனவா என்பதைக் கவனித்தால் போதும். ஒரு பயிற்சியாளர் கரையில் நின்று பார்த்துச் சொல்லும் நான்கு வகுப்புகள், தனியாக நீந்தும் நான்கு மாதங்களை விட மேல்.

நீச்சல் குளத்தில் 2 கி.மீ. நிற்காமல் நீந்த முடிந்ததும் திறந்த நீர்நிலைக்குப் போங்கள், ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள். அங்கே நீச்சல் குளத்தைப் போல அடியில் வழிகாட்டும் கோடு இருக்காது. ஆறு முதல் பத்து கை வீச்சுக்கு ஒருமுறை, முதலை போலக் கண்களை மட்டும் நீருக்கு மேலே உயர்த்தி மிதவையைப் பார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும். தலையை முழுதாகத் தூக்கினால் கால் மூழ்கிவிடும்.

போட்டியன்று கூட்டத்தில் ஒரு கை உங்கள் முகத்தில் படும், நீச்சல் கண்ணாடி நழுவும். ஓரமாக ஒதுங்கி மல்லாந்து மிதந்து கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளுங்கள். காவல் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறப் பொதுவாக விதி இடம் தருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக்கூடாது, அவ்வளவுதான். நீர் குளிர்ந்திருந்தால் வெட்சூட் எனும் ரப்பர் நீச்சல் உடையை அனுமதிப்பார்கள். அது உடலை மிதக்க வைக்கும், ஆனால் மார்பை இறுக்கும். போட்டிக்கு முன் சில முறையாவது அதை அணிந்து நீந்திப் பாருங்கள்.

படி 3: சைக்கிளைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள்

விலை உயர்ந்த டிரையத்லான் சைக்கிள் தேவையில்லை. சாதாரண ரோடு சைக்கிள் போதும், ஆனால் அது உங்கள் உடலுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். சீட்டின் உயரம் ஒரு விரற்கடை தவறினாலும், மூன்றாவது மணி நேரத்தில் முழங்கால் சொல்லிவிடும். செலவு செய்வதென்றால் சக்கரத்துக்கு முன் பொருத்தம் பார்ப்பவருக்குச் செலவு செய்யுங்கள்.

பஞ்சர் போடத் தெரியாமல் போட்டிக்குப் போகாதீர்கள். வழியில் வெளியார் உதவி பெற்றால் தகுதி நீக்கம் வரை போகலாம். வீட்டுத் தரையில் உட்கார்ந்து பழகுங்கள். சக்கரத்தைக் கழற்றி, டயர் லீவரால் ஒரு பக்க விளிம்பை நெம்பி, பழைய டியூபை உருவுங்கள். அடுத்து வருவதைத்தான் பலர் மறக்கிறார்கள்: விரல் நுனியை டயரின் உட்புறம் ஒரு முழுச் சுற்று மெதுவாக ஓட்டுங்கள். டியூபைக் குத்திய முள்ளோ கண்ணாடித் துணுக்கோ அங்கேயே இருக்கும். அதை எடுக்காமல் புதிய டியூபைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் அதுவும் போய்விடும். புதிய டியூபில் வடிவம் பிடிக்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்றடித்து உள்ளே வைத்தால் முறுக்காமல் உட்காரும். டயர் விளிம்பை மறுபடி ஏற்றும்போது கடைசிப் பகுதியை லீவரால் நெம்பாமல் கட்டைவிரல்களால் தள்ளி ஏற்றுங்கள். லீவர் டியூபைக் கடித்துவிடும். முதல்முறை எனக்கு 25 நிமிடம் ஆனது, பத்தாவது முறை 6 நிமிடம்.

இந்தத் தொலைவில் அமெச்சூர்கள் முன்னால் செல்பவரின் காற்று மறைவில் ஒட்டி ஓட்டக்கூடாது. வழக்கமான இடைவெளி 12 மீட்டர். முந்துவதென்றால் 25 நொடிக்குள் முந்திவிட வேண்டும். மீறினால் தண்டனைக் கூடாரத்தில் சில நிமிடம் நிற்க நேரிடும்.

படி 4: ஓட்டத்தைச் சைக்கிளோடு கோத்துப் பழகுங்கள்

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும்போது கால்கள் வேறொருவருடையவை போலத் தோன்றும். அதைப் பழக்கும் பயிற்சிக்குப் பிரிக் என்று பெயர். வாரம் ஒருமுறை சைக்கிள் முடிந்த கையோடு காலணி மாற்றி 15 முதல் 30 நிமிடம் ஓடுங்கள். முதல் கிலோமீட்டரில் குட்டை அடிகளாக வைத்தால் கால் விரைவில் இளகும். நீண்ட பிரிக் மாதம் ஒன்றிரண்டு போதும். அதற்கு மேல் போனால் காயம்தான் மிஞ்சும்.

படி 5: வாரத்தைப் பிரியுங்கள்

அரைத் தொலைவுக்கு ஏற்கெனவே ஓரளவு உடற்பயிற்சி செய்பவருக்கு ஐந்தாறு மாதமும் வாரம் 8 முதல் 10 மணி நேரமும் வேண்டும். நான் பின்பற்றிய வாரம் இது. திங்கள் ஓய்வு. செவ்வாய் காலை நீச்சல், மாலை 40 நிமிட ஓட்டம். புதன் ஒன்றரை மணி நேர சைக்கிள், நடுவில் சில வேகத் துணுக்குகள். வியாழன் நீச்சல், உடல் வலுப் பயிற்சி. வெள்ளி ஒரு மணி நேர எளிய ஓட்டம். சனி நீண்ட சைக்கிள், இறங்கியதும் பிரிக். ஞாயிறு நீண்ட ஓட்டம். மூன்று வாரம் படிப்படியாக ஏற்றி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். உடல் வலுவடைவது அந்த வாரத்தில்தான்.

மொத்தப் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு, பக்கத்தில் இருப்பவருடன் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் இருக்கட்டும். இதைக் கடைப்பிடிப்பதுதான் மிகக் கடினம். மெதுவாகப் போனால் பயிற்சியே செய்யாதது போல மனம் உறுத்தும், பிறர் முந்தும்போது கால் தானாக வேகமெடுக்கும். விட்டுக்கொடுங்கள். போட்டியில் நாள் முழுவதும் தாங்கப்போவது இந்த மெதுவான வேகம் கட்டிய இதயமும் நரம்பும் தசையும்தான். சனிக்கிழமைகளில் யாரையும் துரத்தாமல் இருக்கப் பழகினால், போட்டியன்றும் துரத்த மாட்டீர்கள்.

கடைசி இரண்டு வாரம் பயிற்சியின் அளவைப் பாதியாக்குங்கள். விட்டுப்போன பயிற்சியை அந்த நாட்களில் ஈடுகட்ட முயல வேண்டாம்.

படி 6: சாப்பிடப் பழகுங்கள்

தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வழியில் நிரப்பியே ஆக வேண்டும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தை இலக்காக வையுங்கள். குளுக்கோஸை மட்டும் எடுத்தால் குடல் மணிக்கு ஏறக்குறைய அந்த அளவைத்தான் உறிஞ்சும். ஃபிரக்டோஸ் குடலில் வேறு வாசல் வழியாக நுழைவதால், இரண்டும் கலந்த பானத்தில் பழகியவர்கள் 90 கிராம் வரை போகிறார்கள்.

நீங்கள் வேகமெடுக்கும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் ஓடிவிடுகிறது, வயிற்றுக்குப் போவது குறைகிறது. உள்ளே போனது அப்படியே தேங்கும். என் வயிறு கல்லானது இதனால்தான்: வேகமும் அதிகம், ஒரே நேரத்தில் விழுங்கிய அளவும் அதிகம். அடுத்த முறை கடிகாரத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு மணியொலி வைத்தேன். ஒலித்தால் ஒரு கடி, இரண்டு மிடறு. பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். சைக்கிள் ஏறிய 10 நிமிடத்தில் தொடங்கிவிட்டேன். அன்று 21 கிலோமீட்டரும் ஓடினேன்.

வயிறும் பயிற்சி கேட்கும் உறுப்பு. போட்டியில் எதைச் சாப்பிடப்போகிறீர்களோ, அதையே ஒவ்வொரு நீண்ட சைக்கிள் பயிற்சியிலும் சாப்பிடுங்கள். போட்டியன்று புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள்.

தண்ணீரில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் அளவைக் கண்டுபிடிக்க, ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். இழந்ததற்கு மேல் குடிக்காதீர்கள், பானத்தில் உப்பும் இருக்கட்டும்.

படி 7: டிரான்சிஷனை ஒத்திகை பாருங்கள்

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடம் அது. ஒரு துண்டை விரித்து, அணியும் வரிசையிலேயே பொருட்களை வைத்து நான்கைந்து முறை ஒத்திகை பாருங்கள். மறக்கக்கூடாத விதி ஒன்று: ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும், சைக்கிளைத் தாங்கியில் மாட்டிய பிறகே வாரைக் கழற்ற வேண்டும். இசை கேட்கும் கருவிகளுக்கு அனுமதி இல்லை. உராயும் இடங்களில் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள்.

படி 8: போட்டி நாள்

நீச்சலில் ஓரமாக, பின்வரிசையில் நின்று கிளம்புங்கள். முதல் 200 மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக நீந்துங்கள். சைக்கிளின் முதல் அரை மணி நேரம் ‘இது மிக எளிதாக இருக்கிறதே’ என்று தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் வேகம் அதிகம். மேட்டில் பலர் எழுந்து நின்று மிதித்து உங்களை முந்துவார்கள். அவர்களில் பலரை ஓட்டத்தில் சந்திப்பீர்கள்.

ஓட்டத்தில் தூரத்தைத் துண்டாக்குங்கள்: வழியில் தண்ணீரும் உணவும் தரும் அடுத்த உதவி மேசை வரை மட்டும் யோசித்தால் போதும். மேசை வந்ததும் நடந்துகொண்டே குடித்து, குப்பையை அதற்கான இடத்தில் போட்டுவிட்டு மறுபடி ஓடுங்கள். மேசைகளில் நடப்பதை முன்கூட்டியே திட்டமிட்டுக்கொண்டால், களைப்பில் நின்றுபோவது குறையும். தலைசுற்றலோ குளிர் நடுக்கமோ வந்தால், நெஞ்சு வலித்தால், உடனே மருத்துவ உதவியாளரிடம் சொல்லுங்கள். எல்லைக்கோடு இன்னும் எவ்வளவு தூரம் என்று அப்போது கணக்குப் பார்க்காதீர்கள்.

கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடாதீர்கள். பத்து நிமிடம் மெல்ல நடங்கள், உலர்ந்த சட்டைக்கு மாறுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். மணிக்கட்டில் கட்டிய எண் பட்டையை மட்டும் அறுத்துவிட வேண்டாம். அதைக் காட்டினால்தான் சைக்கிளைத் திருப்பித் தருவார்கள்.