சமையலறைச் சின்னக் கரப்பான்: ஸ்ப்ரே இல்லாமல் ஒழிப்பது எப்படி?

ராத்திரி சமையலறை லைட்டைப் போட்டதும் அடுப்புமேடையில் நாலைந்து கரப்பான்கள் சிதறி ஓடுகின்றனவா? உடனே ஸ்ப்ரே டப்பாவைத் தேடாதீர்கள். ஸ்ப்ரே கண்ணில் பட்டதைத்தான் கொல்லும். இடுக்கில் இருப்பவை அந்த நெடிக்கு மிரண்டு இன்னும் உள்ளே போகும், சில அடுத்த அறைக்குக் குடிபெயரும். முட்டைக் கூட்டுக்குள் மருந்து போகாது. போதாக்குறைக்கு, இந்த ஸ்ப்ரேக்களில் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகளுக்குப் பல ஊர்க் கரப்பான்கள் பழகியும் விட்டன. மருந்தை நாம் தெளிப்பதைவிட, அதை அவையே வந்து தின்னும்படி வைப்பதுதான் வழி.

1. எந்தக் கரப்பான் என்று பாருங்கள்

நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகை. சாக்கடை, கழிவறை வழியாக வருவது செம்பழுப்பு நிறத்தில் நாலு சென்டிமீட்டர் இருக்கும்; சமயத்தில் பறந்து வந்து தோளில் உட்காரும். மற்றது ஜெர்மன் கரப்பான். நீளம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு, பறக்காது. ‘ஏதோ குஞ்சு’ என்று இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். குஞ்சு இல்லை, வளர்ந்த பூச்சியே அவ்வளவுதான்.

பெரியது வெளியிலிருந்து வந்து போகிற விருந்தாளி. சின்னது குடும்பத்தோடு தங்கிவிட்ட வாடகைதாரர். ஒரு பெண் ஜெர்மன் கரப்பான் ஒரே கூட்டில் 30 முதல் 40 முட்டை வரை சுமக்கும். அதனால்தான் இரண்டு பார்த்த வீட்டில் கொஞ்ச நாளில் நூறு ஆகிறது. கீழே சொல்வதெல்லாம் முக்கியமாக இதற்குத்தான். பெரியதைப் பற்றிக் கடைசியில்.

2. டார்ச் அடித்துத் தேடுங்கள்

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போங்கள். சூடும் ஈரமும் சேர்ந்த இடம்தான் அவற்றின் வீடு: ஃபிரிட்ஜ் பின்னால் கம்ப்ரஸர் பக்கம், மிக்ஸியின் அடிப்பாகம், கேஸ் அடுப்புக்குக் கீழே, சிங்க் குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை, அலமாரிக் கதவின் கீல், சுவர்க் கடிகாரத்தின் முதுகு. மிளகுத்தூள் சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது எச்சம். அங்கெல்லாம் எழுதுகிற சாக்பீஸால் ஒரு சின்னக் குறி போடுங்கள்.

3. சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்துங்கள்

வேறு தீனி இருந்தால் மருந்தைச் சீண்ட மாட்டா. அடுப்புக்கு அடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். ராத்திரி எச்சில் பாத்திரம் சிங்க்கில் கிடக்கக் கூடாது, குப்பைக் கூடைக்கு மூடி வேண்டும். மளிகையோடு வந்த அட்டைப்பெட்டிகளைச் சேர்த்து வைக்காதீர்கள். பல வீடுகளுக்குள் கரப்பான் வருவதே அதில்தான்.

தண்ணீர் இன்னும் முக்கியம். சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும் பூச்சி, தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். படுக்கப் போகும் முன் சிங்க்கை உலரத் துடைத்து, ஸ்க்ரப்பரைப் பிழிந்து வையுங்கள்.

4. ஜெல் வையுங்கள்

கடைகளில் ஊசிக் குழலில் வரும் கரப்பான் ஜெல் கேளுங்கள். ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோப்ரிட் என்று உறையில் போட்டிருக்கும். மிளகு அளவுச் சொட்டுகளாக, நீங்கள் குறி போட்ட இடங்களின் இடுக்கில் வையுங்கள். ஒரே இடத்தில் பெரிய உருண்டை வைப்பதைவிடப் பல இடங்களில் சின்னச் சொட்டு வைத்தால் பலன் அதிகம். தின்ற கரப்பான் உடனே சாகாது, கூட்டுக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்கிற குஞ்சுகளும் சாகும். வெளியே வரவே வராத குஞ்சுகளுக்கு மருந்து போய்ச் சேர்வது இப்படித்தான்.

ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரேயோ, பூச்சி சாக்பீஸோ, ஃபினாயிலோ படவே கூடாது. பட்டால் கரப்பான் கிட்டேயே வராது. குழந்தை, பூனை, நாய்க்கு எட்டாத இடமாகவும் பாருங்கள். ஃபிரிட்ஜ், மிக்ஸி பக்கம் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

சில வீடுகளில் கரப்பான் ஜெல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். இனிப்பு ஜெல்களால் வந்த வினை இது. குளுக்கோஸ் கலந்த தீனியை ஒதுக்குகிற ஜெர்மன் கரப்பான்கள் அமெரிக்காவில் 1990களிலேயே தென்பட்டன. அவற்றின் வாயில் குளுக்கோஸ் கசப்பாகவே உணரப்படுகிறது என்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். உங்கள் வீட்டுக் கரப்பானும் முகம் சுளித்தால் வேறு கம்பெனி, வேறு மருந்துள்ள ஜெல்லுக்கு மாறுங்கள்.

5. கை எட்டாத இடத்துக்குப் போரிக் பவுடர்

கேரம் போர்டில் தூவுகிற பவுடர் பெரும்பாலும் இதேதான். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மெல்லியதாக, அலமாரிக்குப் பின்னாலும் பரணின் மூலையிலும் தூவுங்கள். குவித்துக் கொட்டினால் சுற்றிக்கொண்டு போய்விடும். காலில் ஒட்டியதை நக்கும்போதுதான் மருந்து வேலை செய்யும், சில நாள் ஆகும். ஈரம் பட்டால் கட்டியாகி வீண். வயிற்றுக்குள் போனால் மனிதருக்கும் நஞ்சு, அதனால் அடுப்புமேடையிலோ பாத்திரம் வைக்கும் தட்டிலோ கூடவே கூடாது.

6. பொறுங்கள், திரும்ப வையுங்கள்

முதல் வாரத்தில் பகலிலேயே தள்ளாடும் கரப்பான்கள் தெரியலாம். பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது. ஆனால் முட்டைகள் பொரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எனவே ஒரு முறையோடு நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, தீர்ந்த இடத்திலும் காய்ந்த இடத்திலும் புதுச் சொட்டு வைத்து, மூன்று மாதம் தொடருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து செய்வது நல்லது. குழாய் போகும் டக்ட் எல்லோருக்கும் பொது.

பிரிஞ்சி இலை, கற்பூரமெல்லாம் என் கணக்கில் வாசனைக்குத்தான். சிங்க்கில் போடும் நாப்தலின் உருண்டை வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி (என்சைம்) பிறவியிலேயே குறைவாக உள்ள கைக்குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும்.

பெரிய கரப்பானுக்கு

அது வரும் வழியை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது. பாத்ரூம் ஜாலிக்கு மேல் நெருக்கமான வலையுள்ள மூடி போடுங்கள், குழாய் ஓரத்து ஓட்டைகளை வெள்ளை சிமெண்டால் பூசுங்கள். தரை ஜாலிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் கிண்ணமான நானி ட்ராப்பில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கதவு. புழங்காத பாத்ரூமில் அது வற்றிவிடும். எனவே ஊருக்குக் கிளம்பும் முன் ஒவ்வொன்றிலும் இரண்டு மக் தண்ணீர் ஊற்றி, மேலே தட்டையான மூடியைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.