ஃபெங் சிகாய் வழியில் ஓர் உயிர்காப்புச் சித்திரம்

சீன ஓவியர் ஃபெங் சிகாயின் உயிர்காப்பு ஓவியங்கள், அதாவது உயிர்களைக் கொல்லாமல் காக்கச் சொல்லும் படங்கள், 6 தொகுதிகள், 450 படங்கள். முதல் தொகுதியின் 50 படங்கள் அவர் குரு, பௌத்தத் துறவி ஹோங்யியின் 50 வயதை ஒட்டி வரைந்தவை; 1929இல் ஷாங்காயில் அச்சேறின. படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் துறவியின் கையெழுத்தில் பாடல். ஆகவே ஒற்றைப் படமாக யோசிக்காதீர்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

முதலில் பாட்டை எழுதிவிடுங்கள், நான்கு வரி போதும். பாட்டு சொன்னதைப் படம் திரும்பச் சொல்லக் கூடாது. கன்றைப் பிரியும் பசு என்றால், கயிறு இழுபடும் கோணமும் பசுவின் திரும்பிய கழுத்தும் போதும். கத்தி வேண்டாம், ரத்தம் கண்டால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

படிகாரம் பூசிய ஷுவான் காகிதம் (சீனத் தூரிகை ஓவியத் தாள்) எடுங்கள். பூசாததில் மை ஊறிப் பரவி, மெல்லிய கோடு புழுப்போல் தடிக்கும். பென்சிலில் வரைந்துகொண்டு மேலே மை தீட்டினால் கோடு விறைத்துப்போகும். நான்கைந்து தாள் வீணானாலும் நேரடியாகத் தூரிகையில் போடுங்கள். முகத்தில் கண், மூக்கு இல்லாமலே விடலாம், ஃபெங் பல படங்களில் அப்படித்தான் விட்டார். முதுகின் வளைவு பேசும்.

அச்சளவைப்போல் ஒன்றரை மடங்கில் வரையுங்கள். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) சாம்பல் நிறமாக ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பை அளவுக்கு மேல் ஏற்றினால் மை குறைந்த உலர்தூரிகைக் கோட்டின் வெள்ளைக் கீற்றுகள் அடைபட்டுவிடும். கட்டும் ஓரத்தில் 20 மி.மீ. விடுங்கள், இல்லையேல் பாட்டின் கடைசி எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும்.