கோடைக்கு ஏற்ற மத்தியதரைக் கடல் காலை உணவு: எங்கே சொதப்புகிறோம்?

அடுப்புப் பக்கம் போகாமல் பத்து நிமிடத்தில் காலை உணவு என்றால், வெயில் காலத்தில் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. சுட்ட ரொட்டித் துண்டுகள் மேல் தக்காளியை வட்டமாக அரிந்து அடுக்கினேன். ஃபெட்டா சீஸை உதிர்த்துப் போட்டு, மேலே உப்பும் தூவி, ஆலிவ் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ரொட்டி ஈரத் துணியாகியிருந்தது. ஒரு வாய் கடித்தால் உப்பு கரித்தது. இந்த வகைச் சாப்பாட்டில் செய்யக்கூடிய தவறுகளில் பாதியை அந்த ஒரே தட்டில் செய்து முடித்திருந்தேன்.

அடிப்படைச் சிக்கல் தண்ணீர்தான். தக்காளியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். வெள்ளரிக்காயும் கிட்டத்தட்ட அதே கணக்கு. அடுப்பில் வைத்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். சமைக்காமல் சாப்பிடும்போது அதைக் கையால்தான் சமாளிக்க வேண்டும். உப்பு பட்டதும் காய் நீர் விடத் தொடங்கும், ரொட்டி அதை உறிஞ்சும்.

ஸ்பெயினில், குறிப்பாகக் கட்டலோனியாவில், ரொட்டியும் தக்காளியும் சேர்ந்த காலை உணவு மிகப் பிரபலம். ஸ்பானிய மொழியில் பான் கோன் தொமாத்தே என்பார்கள். அங்கே தக்காளியை அரிந்து அடுக்குவதில்லை. ரொட்டியை மொறுமொறுப்பாகச் சுட்டு, நன்றாகப் பழுத்த தக்காளியைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கத்தை ரொட்டி மேல் அழுத்தித் தேய்க்கிறார்கள். சொரசொரப்பான ரொட்டி தனக்கு வேண்டிய சதையை மட்டும் வாங்கிக்கொள்ள, தோல் கையில் மிஞ்சும். அப்புறம் எண்ணெய், கடைசியாக உப்பு, உடனே வாய்க்கு. தேய்க்கப் பொறுமை இல்லையா? துருவியின் பெரிய துளையில் தக்காளியைத் துருவி, வடிகட்டியில் ஐந்து நிமிடம் விட்டு, மிஞ்சும் விழுதைப் பூசுங்கள். எப்படிச் செய்தாலும் ரொட்டி மென்மையான பால் ரொட்டியாக இருந்தால் வேலைக்கு ஆகாது. தடித்த மேலோடு உள்ள ரொட்டிதான் தாங்கும்.

தக்காளியை ஃப்ரிட்ஜில் வைப்பது இன்னொரு தவறு. குளிர் அதன் வாசனையை மழுங்கடித்துவிடும். சமைத்த குழம்பில் அது பெரிதாகத் தெரியாது. பச்சையாகச் சாப்பிடும்போது தக்காளியின் வாசனைதானே எல்லாம். வெயிலில் கனிந்து அழுகிவிடும் என்று பயமிருந்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், சரி. ஆனால் சாப்பிடுவதற்கு நல்ல நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

கிரேக்கத்தின் கிரீட் தீவில் சாப்பிடும் டாக்கோஸில் இந்தத் தண்ணீர்க் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும். பார்லி மாவில் இருமுறை சுட்ட, கல் போன்ற ரஸ்க்தான் அதன் அடித்தளம். மேலே துருவிய தக்காளி, புதிய மிஸித்ரா சீஸ் அல்லது ஃபெட்டா, ஓரிகனோ, தாராளமாக ஆலிவ் எண்ணெய். இந்த ரஸ்க்குக்கு ஈரம் வேண்டும். சிலர் அதைக் கிண்ணத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்குகிறார்கள், சிலர் அப்படியே கடித்துப் பல்லைச் சோதிக்கிறார்கள். குழாய் நீரில் ஒரு கணம் காட்டி எடுத்து, தக்காளியை அதன் சாறோடு கொட்டி, ஐந்து நிமிடம் விட்டால் போதும். ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும். அடுப்பே இல்லாத காலை உணவுகளில் என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

அடுத்தது தயிர். தேனும் வால்நட்டும் போட்ட கிரேக்கத் தயிரை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றும். ஆனால் கடையில் ‘கிரேக்கப் பாணி’ என்று விற்பவற்றில் சில, ஸ்டார்ச்சோ ஜெலட்டினோ சேர்த்துக் கெட்டியாக்கியவை. பழச்சுவை சேர்த்தவற்றில் பெரும்பாலும் சர்க்கரை வேறு. உட்பொருள் பட்டியலில் பாலும் தயிர் உறையும் மட்டும் இருந்தால் வாங்கலாம். வீட்டில் செய்வது அதைவிடச் சுலபம், தயிரைத் துணியில் கட்டி வடிப்பதுதான். அதைச் சமையலறைக் கொக்கியில் இரவெல்லாம் தொங்கவிட்டால் கோடை வெப்பத்தில் புளித்துப்போகும். வடிகட்டியில் துணி விரித்து, அடியில் கிண்ணம் வைத்து, மொத்தமாக ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் கரண்டி நிற்கும் தயிர் கிடைக்கும். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து ஒரு முழு இரவு விட்டால், லெபனான் பக்கத்துக் காலை உணவில் இடம்பெறும் லப்னே தயார். அதன் மேல் எண்ணெய் விட்டு, எள்ளும், சுமாக் என்ற புளிப்புப் பொடியும், காட்டுத் தைம் இலையும் கலந்த ஸாத்தர் பொடியைத் தூவினால், பக்கத்தில் ரொட்டி மட்டும் போதும்.

தயிரோடு பழத்தை முந்தின இரவே கலந்து வைக்காதீர்கள். முலாம்பழமும் பீச்சும் விடிவதற்குள் நீர் விட்டு, கஷ்டப்பட்டு வடித்ததையெல்லாம் வீணாக்கிவிடும். வால்நட்டைக் கோடையில் அலமாரியில் வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இந்தக் கிண்ணத்திலிருந்து தேனை ஊட்டக் கூடாது.

உப்பு கரித்த கதைக்கு வருகிறேன். ஃபெட்டா உப்பு நீரில் ஊறிய சீஸ். ஆலிவ் காயும் அப்படியே. இரண்டும் தட்டில் இருக்கும்போது கையில் உப்பு டப்பாவுக்கு என்ன வேலை? ஒரு வாய் ருசி பார்த்த பிறகு தேவைப்பட்டால் போடலாம். கரிப்பு மிஞ்சினால் ஃபெட்டாவைக் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் போட்டு எடுங்கள். உதிர்த்து டப்பாவில் அடைத்ததை விட, உப்பு நீரோடு வரும் கட்டியே நல்லது. மிச்சத்தை அந்த நீரிலேயே வைத்தால் காயாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் ஃபெட்டா என்ற பெயர் கிரேக்கத்துக்கு மட்டுமே உரியது. செம்மறி ஆட்டுப் பால்தான் அடிப்படை, வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை சேரலாம். பசும்பாலில் செய்த வெள்ளைச் சீஸும் சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் காரமான புளிப்பை அதில் தேடக் கூடாது.

எண்ணெய் விஷயத்தில் நாம் கஞ்சர்கள். மருந்து மாதிரி நான்கு சொட்டு விட்டால் ரொட்டிக்கு வறட்சிதான் மிஞ்சும். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி இருப்பது உண்மை. அதற்காக வேறு எதையாவது குறையுங்கள். ‘லைட்’ என்று எழுதியிருந்தால் கலோரி குறைவு என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அங்கே குறைவது சுவையும் நிறமும்தான், அது சுத்திகரித்த எண்ணெய். சமைக்காமல் மேலே ஊற்றுவதற்குச் சுத்திகரிக்காத எக்ஸ்ட்ரா வர்ஜின் வேண்டும். அது லேசாகக் கசந்து, தொண்டையில் காறினால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். புதிய, நல்ல எண்ணெய் அப்படித்தான் காறும். கெட்டுப்போனதில் பழைய கடலையின் சிக்கு வாடை வரும். கண்ணாடிப் புட்டியில் ஊற்றி அடுப்புக்குப் பக்கத்தில் அழகுக்கு நிறுத்திவைத்தால் அந்த வாடை சீக்கிரமே வரும்.

முட்டை வேண்டும் என்பவர்கள் நேராக ஷக்ஷுகாவுக்கு, அதாவது தக்காளிக் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றி வேகவைக்கும் உணவுக்குப் போகிறார்கள். துனீசியா முதல் கிழக்கே பல நாடுகளில் பிடித்தமான உணவு. ஆனால் தக்காளியும் குடைமிளகாயும் வதங்க அரை மணி நேரம் அடுப்பு முன் நிற்க வேண்டும், கோடைக் காலையில் அது தண்டனை. குழம்பை முந்தின மாலையே செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால், காலையில் சூடாக்கி முட்டையை உடைத்து ஊற்றும் வேலைதான் மிச்சம். நீர்த்த குழம்பில் முட்டை ஊற்றினால் வெள்ளைக்கரு நூல் நூலாக ஓடிவிடும். கரண்டியால் கோடு இழுத்தால் அந்தத் தடம் ஒரு நொடியாவது நிற்க வேண்டும். மூடி போட்டு, சின்னத் தீயில் வைத்து, மஞ்சள் கரு ஆடிக்கொண்டிருக்கும்போதே இறக்குங்கள். மிச்ச வேக்காட்டை வாணலியின் சூடு பார்த்துக்கொள்ளும். துருக்கியின் மெனெமெனில் முட்டையைத் தக்காளியோடு கிளறிவிடுவார்கள், அது இன்னும் சீக்கிரம் முடியும். அதில் வெங்காயம் சேர்க்கலாமா என்று 2018இல் வேதாத் மிலோர் என்ற உணவு விமர்சகர் ட்விட்டரில் கேட்கப்போக, 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். வெங்காயக் கட்சி மயிரிழையில் ஜெயித்தது. நான் தோற்ற கட்சி.

துருக்கியர்களின் காலை உணவுப் படங்களைப் பார்த்துவிட்டு, பதினைந்து கிண்ணங்களை வேலை நாளில் பரப்ப நினைப்பதும் தவறுதான். அங்கேயே அது பெரும்பாலும் வார இறுதிக் கொண்டாட்டம். இத்தாலியில் பலருக்குக் காலை உணவு ஒரு கப்புச்சினோவும், குரோசான் போன்ற கொர்னெத்தோவும்தான், கிரேக்கத்தில் காபியோடு எள் ஒட்டிய குலூரி வளையம். எது ‘அசல்’ என்று மண்டையை உடைக்காமல் மூன்று பொருளோடு நிறுத்துங்கள். பரப்பி வைத்தவற்றில் லப்னே, சீஸ், முட்டை இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது; வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

சிசிலியில் கோடைக் காலையில் பிரியோஷ் ரொட்டியை கிரனீத்தா என்ற ஐஸில் தொட்டுச் சாப்பிடுவார்கள். உடலுக்கு நல்லதா என்று என்னிடம் கேட்காதீர்கள். இனிப்பு வேண்டாம் என்று சர்க்கரையைப் பாதியாக்கினால் அது உறைந்து கல்லாகிவிடும். அரை லிட்டர் தண்ணீருக்கு 150 முதல் 200 கிராம் சர்க்கரை, கூடவே எலுமிச்சைச் சாறு. ஃப்ரீசரில் வைத்து, ஓரம் உறைய ஆரம்பித்ததும் அரை மணிக்கு ஒரு முறை முள்கரண்டியால் சுரண்டிக் கிளறுங்கள். முந்தின இரவு செய்தது காலையில் இறுகியிருந்தால் பத்து நிமிடம் வெளியே வைத்து, இன்னொரு முறை சுரண்டினால் சரியாகிவிடும்.