தில்லியில் குடியேறியவர் தம் வாக்கை அங்கு மாற்றிக்கொள்ளும் முறை

ஊரில் ஏற்கெனவே வாக்காளராக இருந்து, பிழைப்புக்காகத் தில்லிக்குக் குடிபெயர்ந்தவர் படிவம் 6-ஐ நிரப்ப வேண்டியதில்லை. அது முதன்முறை பதிவு செய்வோருக்கு உரியது. முகவரி மாற்றத்துக்கு உரியது படிவம் 8. அதில் குடியிருப்பு மாற்றம் என்ற பகுதியைத் தேர்ந்து, பழைய அடையாள அட்டை எண்ணைக் குறிப்பிட்டு, தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலோ, தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலரிடமோ அளிக்கலாம். ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருப்பதை 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது அங்கேயும் வாக்களித்துக்கொள்ளலாம் என்ற ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

வாடகைக்குக் குடியிருப்போர் பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தத்தை முகவரிச் சான்றாகக் கொடுக்கலாம். முகவரியை எழுதுவதில்தான் கவனம் தேவை. மயூர் விஹார் போன்ற இடங்களில் பாக்கெட் (குடியிருப்புப் பகுதியின் உட்பிரிவு), கட்டட எண், மாடி ஆகிய மூன்றில் ஒன்று விடுபட்டாலும், சரிபார்க்க வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேறொரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பக்கூடும். விண்ணப்பித்தபின் கிடைக்கும் குறிப்பு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பட்டியலில் பெயர் ஏறிவிட்டதா என்பதை அவ்வப்போது பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.

பெயர் ஏறியபின், எந்தக் குறையை யாரிடம் கொண்டுபோவது என்பது தில்லியில் சற்றுச் சிக்கலானது. அரசியலமைப்பின் 69ஆவது திருத்தம் 1991இல் தில்லிக்குச் சட்டப்பேரவை கொடுத்தபோதே, பொது ஒழுங்கு, காவல், நிலம் ஆகியவற்றை அதன் அதிகாரத்துக்கு வெளியே வைத்துவிட்டது. ஆகவே குடிநீர், அரசுப் பள்ளி, மருத்துவமனை குறித்து 70 சட்டமன்ற உறுப்பினர்களில் உங்கள் தொகுதிக்காரரை அணுகலாம். காவல்துறை மீதான முறையீட்டுக்கு, அத்துறை மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருப்பதால், ஏழு மக்களவை உறுப்பினர்களில் உங்களுக்கு உரியவரையே நாட வேண்டும். குப்பைக்கும் தெருச் சுகாதாரத்துக்கும் 250 வார்டுகள் கொண்ட மாநகராட்சியின் கவுன்சிலர் இருக்கிறார்.

அந்த மாநகராட்சியிலிருந்து வேறான புது தில்லி நகராட்சி மன்றத்தின் எல்லைக்குள் குடியிருப்பவருக்கு மட்டும் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் இந்தக் கடைசி வாக்கு கிடையாது. அந்த மன்றத்தின் தலைவரை மத்திய அரசே நியமிக்கிறது. வார்டுத் தேர்தல் அங்கு நடப்பதில்லை. ஆயினும் அப்பகுதியின் சட்டமன்ற, மக்களவை உறுப்பினர்கள் அதில் இடம்பெறுவதால், அங்குள்ளவர்கள் உள்ளாட்சிக் குறைகளையும் அவர்களிடமே எழுத்துமூலம் கொடுக்கலாம்.