கீமோ ஏறும்போது கை, கால்களைக் குளிர வைக்கும் முறை

புற்றுநோய்க்கு ஏற்றும் சில கீமோ மருந்துகளால் விரலும் பாதமும் மதமதத்து உணர்ச்சி மங்கும். அதைக் குறைக்கத்தான் மருந்து ஏறும்போது ஐஸ் வைப்பது. ஐஸ் வாங்குமுன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். பாக்லிடாக்செல் அல்லது டோசிடாக்செல் என்றிருந்தால் மேலே படிக்கலாம். ஆக்சாலிபிளாட்டின் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். குடல் புற்றுநோய்க்கு அதிகம் கொடுக்கும் அந்த மருந்துக்குக் குளிர்தான் ஆகாது. ஃப்ரிஜ்ஜில் இருந்த பாட்டிலைத் தொட்டாலே விரல் சுள்ளென்று குத்தும், ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். பக்கத்துக் கட்டிலில் செய்கிறார்களே என்று நாமும் செய்யக் கூடாது.

குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும்; மருந்து கலந்த ரத்தம் விரல் நுனிக்குக் குறைவாகப் போகும். இவ்வளவுதான் விஷயம். 2018-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், ஒரே நோயாளியின் ஒரு பக்கக் கை, காலை மட்டும் குளிர வைத்து மறுபக்கத்தோடு ஒப்பிட்டார்கள். குளிர்ந்த பக்கம் மதமதப்பு நன்றாகக் குறைந்திருந்தது. எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை என்பதால் டாக்டரிடம் கேட்டே தொடங்குங்கள். குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், சர்க்கரையால் ஏற்கெனவே பாத உணர்ச்சி போனவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

மெடிக்கலில் கிடைக்கும் ஜெல் பேக் போதும். கைக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று, பாதத்துக்கும் அப்படியே, ஆக 8. பாதி நேரத்தில் மாற்ற இன்னொரு 8. முந்தின நாள் காலையிலேயே ஃப்ரீசரில் வைத்தால்தான் நடுவரை உறையும். தென்காசி, சங்கரன்கோவில் பக்கமிருந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் தெர்மாகோல் பெட்டியில் நெருக்கி அடுக்கி, இடுக்குகளில் செய்தித்தாள் திணித்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். வைகாசி வெயிலில் காற்று புகுந்தால் வண்ணார்பேட்டை தாண்டுமுன்னே இளகிவிடும்.

ஜெல் பேக் இல்லையென்றால் உடைத்த ஐஸை அரைக்கிலோ வீதம் இரட்டை பாலிதீன் பையில் கட்டுங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டால் விரலோடு படியும். உப்பு மட்டும் போடவே கூடாது. மீன் பெட்டிக்கும் குல்ஃபிக்கும் போடுவார்கள். உப்புப் போட்ட ஐஸ் பூஜ்யம் டிகிரிக்கு வெகு கீழே போய்த் தோலை வேகவைத்துவிடும். மீன்கடை ஐஸ் சுத்தமில்லாதது. பை ஒழுகி ஊசி போட்ட இடத்தில் பட்டால் கிருமி ஏறும்.

மோதிரம், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். உலோகம் படுகிற இடம் முதலில் புண்ணாகும். நகப்பூச்சும் மருதாணியும் வேண்டாம், தோலின் நிறம் தெரிய வேண்டும். மெல்லிய பருத்தி உறையும் சாக்ஸும் போட்டு அதன்மேல் பேக் வைத்து, துண்டால் மணிக்கட்டு, கணுக்கால்வரை சுற்றுங்கள். குளிர்ந்த கையில் நரம்பு கிடைக்காது. அதனால் ஊசியை முன்கையில் போடச் சொல்லி சிஸ்டரிடம் முதலிலேயே கேளுங்கள்.

அதிகம் பிசகுவது நேரத்தில். முதலில் ஏறும் சலைனும் அலர்ஜி ஊசியும் கீமோ அல்ல. அப்போதே ஐஸ் வைத்துவிட்டு, மருந்து ஏறும்போது தாங்காமல் எடுத்துவிடுகிறார்கள். கீமோ பாட்டில் மாட்டுவதற்கு 15 நிமிடம் முன்பு வைத்து, முடிந்தபின் 15 நிமிடம்வரை விடுங்கள். வாராந்திர பாக்லிடாக்செல் ஒரு மணி நேரம் ஏறும். மொத்தம் ஒன்றரை மணி. அதையே மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் மூன்று மணி நேரம் ஏறும், மொத்தம் மூன்றரை மணி. பேக்கும் இரு மடங்கு வேண்டும்.

முதல் பத்து நிமிடம் கடுப்பு எடுக்கும், பிறகு அடங்கும். தாங்கவில்லையென்றால் இரண்டு மூன்று நிமிடம் எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். அலர்ஜி ஊசியில் ஆள் தூங்கிவிடுவார், எனவே கூட இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலைப் பார்க்க வேண்டும். சிவப்பு சரி. வெள்ளையாகவோ சாம்பலாகவோ மெழுகுபோல் விறைத்தாலோ, எரிச்சல் கூடினாலோ, கொப்புளம் வந்தாலோ உடனே எடுத்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். வெந்நீரில் முக்கவோ அழுத்தித் தேய்க்கவோ கூடாது, தானாகச் சூடேறட்டும். பாதம் உலர்ந்து உணர்ச்சி திரும்பும்வரை இறங்கி நடக்க விடாதீர்கள்.

ஏற்கெனவே வந்த மதமதப்பை ஐஸ் போக்காது. சட்டைப் பொத்தான் மாட்ட வரவில்லை, செருப்பு நழுவுவது தெரியவில்லை என்றால் அடுத்த கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, இடைவெளி விடுவதா என்று அவர்தான் முடிவு செய்வார். அதுவரை உச்சிவெயிலில் தார் ரோட்டிலோ கோயில் பிரகாரக் கல்லிலோ வெறுங்காலோடு நடக்க வேண்டாம். சுடுவதே தெரியாமல் பாதம் வெந்துபோகும்.